தெளிந்த நீரில் பட்டினி

கடல்நீர் மீன்தொட்டிகளை விற்கும் கடைக்குள் நுழைந்தால் மீன்களும் பவளங்களும்தாம் முதலில் கண்ணில் படும். சற்று உற்றுப் பார்த்தால், ஒரு மூலையில் இரத்தச் சிவப்பு நிறத்தில் கிளைவிட்ட செடிபோல ஒன்று நிற்பது தெரியும். இன்னொரு தொட்டியில் செம்மஞ்சள் நிறப் பந்து ஒன்று பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவை அசைவதில்லை. அவற்றுக்குக் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. "இதற்குத் தீனி போட வேண்டுமா?" என்று வாங்க வந்தவர் கேட்டால், "தேவையில்லை, தண்ணீரிலேயே எல்லாம் கிடைத்துவிடும்" என்று பதில் வருவதுண்டு. அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. சிக்கல் மீதிப் பாதியில் இருக்கிறது.

அந்தச் சிவப்புச் செடி உண்மையில் செடியன்று, விலங்கு. கடற்பஞ்சு என்று அழைக்கப்படும் இவ்வுயிரினங்கள் துளையுடலிகள் என்னும் பெரும்பிரிவைச் சேர்ந்தவை. இதுவரை 9,000க்கும் மேற்பட்ட இனங்களுக்கு அறிவியலாளர்கள் பெயரிட்டுள்ளனர். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் பஞ்சுக்கும் இவற்றுக்கும் பெயரளவில்தான் உறவு. அது நெகிழியால் செய்யப்பட்டது. ஆனாலும் முற்காலத்தில் மக்கள் உலர்ந்த கடற்பஞ்சைக் கொண்டு உடம்பு தேய்த்துக் குளித்ததால்தான் அந்தப் பெயர் இன்றுவரை அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கடற்பஞ்சு தாவரமா விலங்கா என்ற குழப்பம் அறிஞர்களுக்கும் நீண்ட காலம் இருந்தது. 1820களில் எடின்பரோ நகரில் வாழ்ந்த ராபர்ட் கிராண்ட் என்பவர் உயிருள்ள கடற்பஞ்சுத் துண்டு ஒன்றைக் கடல்நீரில் இட்டு நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். அதன் துளையிலிருந்து நீர் ஊற்றுப்போல் வெளியேறிக்கொண்டே இருந்தது. நீரோடு சிறு துகள்களும் அடித்துக்கொண்டு வந்தன. யாரும் அதை அழுத்தவில்லை; பிழியவுமில்லை. அசையாமல் கிடந்த அந்த உடல் தனக்குள் ஓர் ஓட்டத்தைத் தானாகவே நடத்திக்கொண்டிருந்தது. பின்னாளில் பரிணாமக் கொள்கையால் புகழ்பெற்ற சார்ல்ஸ் டார்வின், எடின்பரோவில் மாணவராக இருந்தபோது இந்தக் கிராண்டுடன் கடற்கரைக்குச் சென்று உயிரினங்களைச் சேகரித்திருக்கிறார்.

அந்த ஓட்டம் எப்படி உண்டாகிறது? கடற்பஞ்சுக்கு இதயம், இரைப்பை, நரம்பு என எந்த உறுப்பும் கிடையாது. அதன் மேற்பரப்பு முழுவதும் நுண்துளைகள் நிறைந்திருக்கும். அவற்றின் வழியே நுழையும் நீர், கிளை கிளையாகப் பிரியும் கால்வாய்களில் ஓடி, மிகச் சிறிய அறைகளை அடைகிறது. அந்த அறைகளின் சுவர்களில் சிறப்பு வகை உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வோர் உயிரணுவிலும் சவுக்கைப் போன்ற ஓர் இழை இருக்கும். அதைச் சுற்றிச் சல்லடை போன்ற கழுத்துப்பட்டை ஒன்றும் இருக்கும். இழை அடித்துக்கொண்டே இருப்பதால் நீர் நகர்கிறது. நீரிலுள்ள உணவுத் துகள்கள் சல்லடையில் சிக்குகின்றன. மிஞ்சிய நீர் பெருந்துளை வழியாக வெளியே தள்ளப்படுகிறது.

இந்த வேலையின் அளவு வியப்பூட்டும். 10 சென்டிமீட்டர் உயரமும் 1 சென்டிமீட்டர் பருமனும் உள்ள ஒரு சிறு கடற்பஞ்சினுள் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட அறைகள் இருப்பதாகவும், அது ஒரு நாளில் 22.5 லிட்டர் நீரைத் தன் உடல் வழியே செலுத்துவதாகவும் கணக்கிட்டிருக்கிறார்கள். கைவிரல் அளவே உள்ள உடல் அது. கணக்குப் போட்டால், தன் உடலின் கொள்ளளவைப்போல் ஏறத்தாழ 2,800 மடங்கு நீரை அது ஒரே நாளில் கையாள்கிறது. எல்லா இனங்களும் இதே வேகத்தில் இயங்குவதில்லை. இருப்பினும், இதே வேகத்தில் இயங்கும் கைமுட்டி அளவுள்ள ஒன்றை 200 லிட்டர் தொட்டியில் வைத்தால், தொட்டியிலுள்ள நீர் முழுவதும் ஒரு நாளில் பலமுறை அதன் உடல் வழியே சென்று வந்துவிடும்.

கடற்பஞ்சின் உயிராற்றலுக்கு மற்றொரு சான்றும் உண்டு. 1907ஆம் ஆண்டு, அமெரிக்க உயிரியலாளர் எச்.வி. வில்சன் உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றை மெல்லிய பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்தார். அது உயிரணு உயிரணுவாகச் சிதறி, கலங்கல் நீராக வெளியே வந்தது. சற்று நேரத்தில் அந்த உயிரணுக்கள் ஒன்றையொன்று தேடி ஒட்டத் தொடங்கின. சிறு சிறு கட்டிகள் தோன்றின. நாளடைவில் அவை மீண்டும் துளையும் கால்வாயும் கொண்ட கடற்பஞ்சுகளாக வளர்ந்தன. பிழிந்தெடுத்த பின்னும் பிழைத்துக்கொள்ளும் ஓர் உயிர், வீட்டுத் தொட்டியில் மட்டும் ஏன் சில மாதங்களில் மடிந்துவிடுகிறது?

விடை, தொட்டி வைத்திருப்பவர் எதைப் பெருமையாகக் கருதுகிறாரோ அதிலேயே இருக்கிறது. வீவக வீடு ஒன்றின் வரவேற்பறையில் நன்கு பராமரிக்கப்படும் கடல்நீர்த் தொட்டியைக் கற்பனை செய்துகொள்ளலாம். நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். அதற்காகவே அடியில் ஒரு கருவி நீரில் நுரையை எழுப்பி, அந்த நுரையோடு கழிவைப் பிரித்தெடுத்துக்கொண்டிருக்கும். புரோட்டீன் ஸ்கிம்மர் என்று கடைகளில் அதைக் கேட்டு வாங்குவார்கள். மற்றொரு பக்கம் கரித்துண்டுகள் நீரிலுள்ள நிறத்தையும் மணத்தையும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். மெல்லிய துணிப்பை ஒன்று கண்ணுக்குத் தெரியும் துகள்களையெல்லாம் வடிகட்டிவிடும். மீன்களுக்கும் பல பவளங்களுக்கும் இது நல்ல ஏற்பாடு. கடற்பஞ்சுக்கோ இது கழுவித் துடைத்து வைத்த வெறும் தட்டு.

ஏனெனில், அது உண்பது மீன்தீனியை அன்று. நீரில் மிதக்கும் பாக்டீரியா, மிக நுண்ணிய பாசி, அழிந்த உயிர்களிலிருந்து வெளியேறிக் கரைந்து கிடக்கும் கரிமப் பொருள் ஆகியவையே அதன் உணவு. பவளப்பாறைகளைச் சூழ்ந்த நீரில் சத்து குறைவு. அதனால் அதைக் கடலின் பாலைவனம் என்றும் சொல்வார்கள். அத்தகைய நீரில் இத்தனை உயிர்கள் எப்படிப் பெருகி வாழ்கின்றன என்ற கேள்விக்கு, 2013ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு கடற்பஞ்சைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டியது. பவளமும் பாசியும் நீரில் கசியவிடும் கரைந்த பொருளை மற்றப் பெரும்பாலான விலங்குகளால் உண்ண முடியாது. கடற்பஞ்சு அதை உறிஞ்சித் தன் உயிரணுக்களாக மாற்றிக்கொள்கிறது. பிறகு பழைய உயிரணுக்களைத் துகள்களாக உதிர்க்கிறது. அந்தத் துகள்களை நத்தையும் புழுவும் நண்டும் தின்கின்றன. இப்படி வீணாகப் போகவேண்டிய சத்து மீண்டும் உணவுச் சங்கிலிக்குள் வந்து சேர்கிறது. வீட்டுத் தொட்டியில் அந்தக் கரைந்த பொருளைக் கடற்பஞ்சுக்கு முன்பே கருவி எடுத்துவிடுகிறது.

உணவோடு மட்டும் இந்த முரண்பாடு நிற்கவில்லை. பெரும்பாலான கடற்பஞ்சுகளின் உடலைத் தாங்கி நிறுத்துவது சிலிகாவால் ஆன நுண்முட்கள். கண்ணாடியும் மணலும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே பொருள்தான். கடல்நீரில் கரைந்துள்ள சிலிக்கேட்டை எடுத்து, ஊசி, நட்சத்திரம், நங்கூரம் எனப் பல வடிவங்களில் அவை முட்களை உருவாக்கிக்கொள்கின்றன. ஆனால், நீரில் சிலிக்கேட் இருந்தால் டயட்டம் எனப்படும் பழுப்பு நிற நுண்பாசி கண்ணாடியிலும் மணலிலும் படர்ந்து தொட்டியின் அழகைக் கெடுக்கும். ஆகவே, தொட்டிக்கு ஊற்றும் குழாய்நீரை ஆர்.ஓ. வடிகட்டியில் வடித்து, சிலிக்கேட்டை முடிந்தவரை நீக்கிவிடுவதே வழக்கம். வீடு கட்ட வந்தவனுக்குச் செங்கல் மறுக்கப்பட்ட கதைதான்.

சரி, புட்டியில் விற்கும் நுண்பாசிக் கரைசலை ஊற்றினால் போதாதா? சிலர் ஊற்றுகிறார்கள், சில இனங்களுக்கு அது உதவவும் செய்கிறது. ஆனால் எந்த இனம் எந்த அளவுத் துகளைப் பிடிக்கும் என்பது வேறுபடும். கூடுதலாக ஊற்றினால் உண்ணப்படாதது அழுகி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறி, தொட்டி முழுவதும் பாசி மண்டும். அந்தப் பாசி முதலில் மூடுவது, ஓரிடத்தைவிட்டு நகர முடியாத கடற்பஞ்சின் துளைகளைத்தான்.

இவற்றையெல்லாம்விட வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. கடற்பஞ்சு பட்டினி கிடப்பது வெளியே தெரிவதில்லை. மீன் நோயுற்றால் தீனியை மறுக்கும், மூலையில் ஒதுங்கும், நிறம் மங்கும். நாய் பூனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடற்பஞ்சோ வாங்கிவந்த நாளில் எப்படி நின்றதோ அப்படியே வாரக்கணக்கில் நிற்கும். உடலுக்குள் சேமித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டிருக்கும். உயிரணுக்கள் அழியத் தொடங்கிய பிறகும் நுண்முட்களும் நார்களும் வடிவத்தைத் தாங்கி நிற்கும். ஓரங்கள் வெளிறி, மேலே வெண்படலம் தோன்றும்போதுதான் உரிமையாளருக்கு ஐயம் எழும். அப்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். கடலில் ஆய்வு செய்வோர், கடற்பஞ்சின் அருகே தீங்கற்ற பச்சைச் சாயத்தைச் சிறிது விடுவார்கள். சில நொடிகளில் சாயம் பெருந்துளை வழியே புகைபோல் மேலெழுந்தால் அது இயங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வெறுங்கண்ணால் பார்த்து உயிரை உறுதிசெய்வது அவர்களுக்கும் எளிதன்று.

உயிர் போனபின்னும் வடிவம் நிலைப்பதால் நேர்ந்த இழப்புக்குச் சிங்கப்பூர்க் கடலிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தண்டின்மேல் அமர்ந்த பெரிய மதுக்கிண்ணத்தைப் போன்ற கடற்பஞ்சு ஒன்று இங்கு வாழ்ந்துவந்தது. ரோமானியரின் கடல் தெய்வத்தின் பெயரால் அதை நெப்டியூன் கிண்ணம் என்று அழைத்தார்கள். சிங்கப்பூர்க் கடலில் எடுக்கப்பட்ட மாதிரியைக் கொண்டே 1822ஆம் ஆண்டு அது அறிவியல் உலகுக்கு முதன்முதலாக அறிமுகமானது. நன்கு வளர்ந்தால் அதன் உயரம் 1 மீட்டரைத் தாண்டும். உலர்த்திய கிண்ணத்தைக் குழந்தைகளைக் குளிப்பாட்டும் தொட்டியாகவும் சிலர் பயன்படுத்தியதாகக் கூறப்படுகிறது. இவ்வளவு அழகான, கெடாமல் நிற்கும் பொருளைச் சேகரிப்பாளர்கள் விடுவார்களா? அருங்காட்சியகங்களுக்கும் செல்வர்களின் வீடுகளுக்கும் கிண்ணங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பிறகு அதை உயிரோடு கண்டதாகப் பதிவே இல்லாமல் போனது. காட்சிப் பெட்டிகளில் வடிவம் நிலைத்திருக்க, கடலில் உயிர் மறைந்துவிட்டது என்றே பலரும் முடிவு கட்டிவிட்டனர்.

2011ஆம் ஆண்டு, செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு அருகே வழக்கமான ஆய்வுக்காக முக்குளித்த உயிரியலாளர்கள் இளம் நெப்டியூன் கிண்ணம் ஒன்றைக் கண்டனர். உலகிலேயே கப்பல் போக்குவரத்து மிகுந்த கடற்பகுதிகளுள் ஒன்றில், கலங்கிய நீரில், அது நூறாண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் தப்பியிருந்தது. பின்னர் இன்னும் சில கிடைத்தன. ஆனால் ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தன. கடற்பஞ்சு தன் விந்தணுக்களை நீரில் விடுகிறது. அதே இனத்தைச் சேர்ந்த மற்றொன்று நீரோடு அவற்றை உள்ளிழுத்தால்தான் கருவுறுதல் நடக்கும். தொலைவு கூடினால் அந்த வாய்ப்புக் குறையும். அதனால் சிலவற்றைச் சிஸ்டர்ஸ் தீவுகள் கடல்சார் பூங்காவில் அருகருகே இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒருவகை வளர்ப்புதான். ஆனால் அங்கே உணவு ஊட்டுவது கடல்.

இடம் மாற்றுவது என்பதும் எளிய செயலன்று. ஆழத்தில் வாழும் கடற்பஞ்சை நீரைவிட்டு வெளியே எடுத்தால், வடிந்துபோன நீரின் இடத்தில் காற்று நுழைந்து கால்வாய்களை அடைத்துக்கொள்ளும். மீண்டும் நீரில் வைத்தாலும் அந்தக் குமிழ்கள் எளிதில் வெளியேறா. காற்றடைத்த பகுதியிலுள்ள உயிரணுக்கள் இறந்து, அழுகல் அங்கிருந்து பரவும். எனவே நீருக்குள்ளேயே பையில் இட்டு, நீருக்குள்ளேயே வெளியே எடுக்கவேண்டும். கடைக்கு வந்து சேரும்வரை எத்தனை கைகள் மாறியிருக்கும், அத்தனை பேரும் இதைக் கடைப்பிடித்திருப்பார்களா என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. சாங்கி கடற்கரையிலும் புலாவ் ஊபினின் செக் ஜாவாவிலும் நீர் வற்றும்போது கடற்பஞ்சுகள் வெளியே தெரிகின்றனவே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அவை ஓதத்தின் ஏற்ற இறக்கத்திற்குப் பழகிய இனங்கள். சிறிது நேரம் ஈரத்தைத் தக்கவைத்துக்கொள்ளக்கூடியவை. கடைகளில் நிற்கும் சிவப்பு, செம்மஞ்சள் வகைகளுக்கு அந்தப் பழக்கம் பெரும்பாலும் கிடையாது.

அத்தகைய கரையோர இனங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கனமழைக்குப் பிறகு ஏராளமான நன்னீர் கலந்து செக் ஜாவாவைச் சுற்றியிருந்த கடலின் உப்புத்தன்மை குறைந்தது. கடற்பஞ்சுகள் உட்படப் பல உயிரினங்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. மீன் நீந்தி வேறிடம் சென்றுவிடும், கடற்பஞ்சால் முடியாது. வீட்டுத் தொட்டியில் நீர் ஆவியாகும்போது உப்புத்தன்மை ஏறுகிறது. மறந்துவிட்டு வார இறுதியில் ஒரேயடியாக நன்னீரை ஊற்றினால் அது சட்டென்று இறங்குகிறது. சிறிய தொட்டியில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கடுமையாக இருக்கும்.

தொட்டியிலுள்ள அண்டைவீட்டார் யார் என்பதையும் பார்க்கவேண்டும். கடல் ஏஞ்சல் மீன்களில் பல, கடற்பஞ்சைக் கடித்துத் தின்பவை. 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படத்தில் வரும் கில் என்னும் மீனை நினைவிருப்பவர்கள் இருப்பார்கள். அது மூரிஷ் ஐடல் வகை. இயற்கையில் அதன் முதன்மை உணவே கடற்பஞ்சுதான். அதனாலேயே அதைத் தொட்டியில் வளர்ப்பது மிகக் கடினம். சிங்கப்பூர்க் கரைகளில் முட்டையிட வரும் அழுங்கு ஆமையும் நுண்முட்கள் நிறைந்த கடற்பஞ்சைச் சாதாரணமாக மென்று விழுங்கும்.

தப்பி ஓட முடியாத உயிர் என்பதால், பல கடற்பஞ்சுகள் வேதிப்பொருள்களால் தம்மைக் காத்துக்கொள்கின்றன. மனிதர்களுக்கு இதனால் பெரும் நன்மை விளைந்திருக்கிறது. இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் சைட்டராபின் என்னும் மருந்து, கரீபியக் கடற்பஞ்சு ஒன்றில் கண்டறியப்பட்ட பொருள்களைப் பின்பற்றி உருவாக்கப்பட்டதாகும். ஆனால் மூடிய சிறு தொட்டிக்குள் இத்தகைய உயிர் ஒன்று இறந்து அழுகினால், அழுகலில் உண்டாகும் அம்மோனியாவோடு அந்தப் பொருள்களும் நீரில் கலக்கலாம். ஆகவே இறந்த பகுதியைக் கண்டவுடன் அகற்றிவிடுவதே பாதுகாப்பு.

அப்படியானால் வீட்டுத் தொட்டியில் கடற்பஞ்சுக்கு இடமே இல்லையா? உண்டு. ஆனால் கடையில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு மரத்துக்கு அன்று. சில இனங்களின் உடலுக்குள் ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. அவற்றின் உழைப்பில் ஒரு பங்கு கடற்பஞ்சுக்கும் கிடைப்பதால், உணவு குறைந்த நீரிலும் அவை ஓரளவு தாக்குப்பிடிக்கும். நீல நிறத்தில் பாறைமேல் தகடுபோல் படரும் சில வகைகள் இத்தகையவை. இவற்றுக்கு ஒளி வேண்டும். பெரும்பாலான மற்றவற்றுக்கு நிழல் வேண்டும். இந்த வேறுபாட்டைக்கூட அறியாமல் இரண்டையும் ஒரே விளக்கின்கீழ் வைத்து விற்பது நல்ல வணிகமாக இருக்கலாம்; நல்ல வளர்ப்பாகாது.

மிக நன்றாக வாழ்பவை, யாரும் விலைகொடுத்து வாங்காதவை. கடலில் ஊறிய பாறைத்துண்டுகளைத் தொட்டியில் அடுக்கும்போது, அவற்றின் பொந்துகளில் ஒளிந்திருக்கும் சிறு துணுக்குகளும் உடன் வந்துவிடும். புதிய தொட்டியில் அவை தலைகாட்டுவதில்லை. ஓராண்டு கடந்து, மணலிலும் பாறையிலும் பாக்டீரியாக்கள் பெருகி, உரிமையாளரின் துடைக்கும் ஆர்வமும் சற்றுத் தணிந்த பிறகு, பாறையின் அடிப்பக்கத்தில் மஞ்சளாகவோ வெண்மையாகவோ மெல்லிய படலம் ஒன்று தெரியும். தொட்டிக்கு அடியிலுள்ள இருண்ட வடிகட்டி அறையில் அரிசிமணி அளவில் இளமஞ்சள் உருண்டைகள் தோன்றும். ஒவ்வொன்றின் உச்சியிலும் அன்னாசிப்பழத்தின் கொண்டைபோல் சிறு முடிக்கற்றை இருக்கும். அன்னாசிப் பஞ்சு என்றே வளர்ப்போர் அவற்றை அழைக்கிறார்கள். இவற்றின் முட்கள் சிலிகாவால் ஆனவை அல்ல, சுண்ணாம்பால் ஆனவை. சுண்ணாம்புச் சத்துக்குக் கடல்நீர்த் தொட்டியில் பஞ்சமில்லை.

நோய் ஏதோ தொற்றிவிட்டது என்று அஞ்சிப் பலர் இவற்றைச் சுரண்டி எறிந்துவிடுகிறார்கள். அவை எதையும் கெடுப்பதில்லை. நீர் பாயும் இடத்தில், ஒளிபடாத மூலையில், தொட்டியின் கழிவையே உணவாகக் கொண்டு சத்தமின்றி நீரை இழுத்துத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. சில நேரம் நூற்றுக்கணக்கில் பெருகும். உணவு குறைந்தால் தாமாகவே மறையும். பிறகு மீண்டும் வரும். பம்பைக் கழற்றிக் கழுவும் நாளில் அந்த அறையின் சுவர்களைத் தேய்க்காமல் விட்டால் போதும்.